ரெண்டாவது ரவுண்டில் விட்ட பிடி

மறுநாள் சண்டைக்கு எடை பார்க்கக் கூப்பிடுவதற்கு முன்னால் பிரெசில்லா அரைமணி நேரமாகச் சூயிங்கம்மை மென்று எச்சிலை ஒரு பேப்பர் கப்பில் துப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் இருநூறு கிராம் குறைந்தாக வேண்டும். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. உடம்பில் இனி எச்சில் மட்டும்தான் பாக்கி. அதையும் கேட்கிறார்கள் என்று தோன்றியது அவளுக்கு.

"துப்பு புள்ள, இன்னும் கொஞ்சந்தான்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஐபு. பெரியபட்டினத்துக்காரர். அவள் ஜூடோ விளையாடிய காலத்திலிருந்து அவளுடைய கோச். ராமநாதபுரத்தில் அவர் நடத்தும் ஜிம்மில் எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவது அப்படி.

"வாயி வறண்டு கெடக்கு காக்கா. எங்கேர்ந்து துப்ப?"

"எலுமிச்சம்பழத்த நெனச்சுக்க."

நினைத்துப் பார்த்தாள். எச்சில் ஊறவில்லை, பசிதான் எடுத்தது.

கடைசியில் முள் ஐம்பத்திரண்டில் நின்றது. கை தட்டினார்கள். அவள் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அடுத்து ஏறிய பெண்ணுக்கு அரங்கமே எழுந்து நின்றது. சிநேகா. பிரெசில்லாவோடு மோதப்போகிறவள். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மிளகாய் பயிரிடும் சம்சாரியின் மகள். இருபத்தொரு வயது. கபடியிலிருந்து வந்தவள். இதுவரை நாலு சண்டை, நாலிலும் ஜெயம். போனில் அவளைப் பின்தொடர்கிறவர்கள் ரெண்டு லட்சம் பேர் என்று மைக்கில் சொன்னார்கள். எடை பார்த்துவிட்டு அவள் ஒரு குட்டிக்கரணம் போட்டாள். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் கிடந்த உடம்பு எப்படிக் குட்டிக்கரணம் போடுகிறது என்று பிரெசில்லா பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமைகூட வரவில்லை. பார்க்கவே அயர்ச்சியாக இருந்தது.

பிரெசில்லாவுக்கு முப்பத்திரண்டு வயது. தங்கச்சிமடத்துக்காரி. ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். புருஷன் ஆன்டனி ராஜ் ராமேஸ்வரத்திலிருந்து விசைப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் பிள்ளை இல்லையா என்று கேட்கிறவர்களிடம், "இந்த ஃபைட்டு முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களைத் தள்ளிவிட்டாள். பதினொரு ஃபைட் முடிந்திருந்தது. ஆறில் ஜெயித்து அஞ்சில் தோற்றிருந்தாள்.

அவள் இந்தக் கூண்டுச் சண்டையில் இறங்கியபோது இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே இங்கே யாருக்கும் தெரியாது. முதல் சண்டை மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கீழே ரப்பர் பாய், சுற்றிலும் கயிறு. வேடிக்கை பார்த்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். அதிலும் பாதிப் பேர் மறுநாள் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், கீழே விழுந்த பிறகும் பூட்டுப் போடலாம் என்று அவள் விளக்கிச் சொன்னபோது, "அப்ப இது நம்ம கொழாயடிச் சண்டதான?" என்று கேட்டுச் சிரித்தான் ஆன்டனி ராஜ். அப்போது அவனைப் பேசி முடித்த புதுசு.

இப்போது நிலைமையே வேறு. ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக்காரன் போனில் கூண்டுச் சண்டை ஓடுகிறது. பாம்பனில் முடிவெட்டப் போகிற பையன்கள் சண்டைக்காரர்களின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி" என்கிறார்கள். படகுத்துறை ஜெட்டியில் வலை பிரிக்கிறவர்கள் வாயில் வடையை வைத்துக்கொண்டு, "அவன் கீழ தள்ளுன டேக்டவுன் சரியில்லடா" என்று பேசுகிறார்கள். துபாயில் தொழில் செய்துவிட்டு வந்த கீழக்கரை ஹாஜா முகைதீன், அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவந்து, ராமநாதபுரத்தில் இரும்புக் கூண்டே இறக்கிவிட்டார். 'சேது ஃபைட்' என்று பெயர். இது மூன்றாவது வருஷம். கமுதியிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வேன் வைத்து வருகிறார்கள்.

கூட்டம் பெருகப் பெருக பிரெசில்லாவுக்கு மட்டும் ஏனோ கால் கனத்துக்கொண்டே போனது. ஆசைப்பட்ட காலத்தில் ஆள் இல்லை. ஆள் வந்தபோது ஆசை தேய்ந்திருந்தது. இருந்தாலும் காக்கா போன் பண்ணினால், "சரி" என்று சொல்லிவிடுவாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறதே.

மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு அவர்கள் ஆட்டம். சிநேகா உள்ளே வந்தபோது மைதானம் அதிர்ந்தது. பிரெசில்லா வந்தபோதும் கை தட்டினார்கள், மரியாதைக்கு. கூண்டின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் அஞ்சு நிமிஷம்.

முதல் ரவுண்டு முழுக்க அடி வாங்கினாள். சிநேகாவுக்கு நீளமான கை, வேகமும் இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே வீங்கிவிட்டது. ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் சுஐபு ஐஸை வைத்து அழுத்தினார்.

"நின்னுக்கிட்டு ஆடாத. கீழ இழு. தரையில ஒனக்கு அவ ஈடில்ல."

ரெண்டாவது ரவுண்டில் அவள் இழுத்தாள். சிநேகா குத்த வந்த கைக்குக் கீழே நுழைந்து, இடுப்பைச் சேர்த்துக் கட்டி, ஜூடோவில் ஆயிரம் தரம் போட்ட அதே போடு. ரெண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். சிநேகா புரண்டு எழப் பார்த்த நேரத்தில் பிரெசில்லா முதுகுப் பக்கம் ஏறிக் காலைப் பின்னிக்கொண்டாள். வலது கை தாடைக்குக் கீழே போய்விட்டது. இடது கையால் பூட்டைப் போட்டாள். கழுத்துப் பூட்டு. அது விழுந்துவிட்டால் எட்டு, பத்து செகண்டு. அதற்குள் எதிராளி தரையிலோ உடம்பிலோ தட்டி, தோற்றேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மயக்கம்தான்.

சிநேகாவின் விரல்கள் அவள் முன்கையைப் பிறாண்டின. தட்டவில்லை.

"தட்டிரு பிள்ள," என்று அவள் காதோரம் முனகினாள் பிரெசில்லா. நாலாயிரம் பேர் கத்துகிற சத்தத்தில் அது கேட்டிருக்காது.

பிறாண்டிய விரல்கள் நின்றன. அந்த உடம்பு ஒரே மூச்சில் கனத்து, நனைந்த துணி போல அவள் நெஞ்சின் மேல் சாய்ந்தது. முடிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் ஜெயித்த எந்த ஆட்டத்திலும் அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. கைகளை விரித்துவிட்டாள்.

நடுவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்தது பிரெசில்லாவின் முதுகு மட்டும்தான். பிடி நழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ரெண்டு செகண்டு, இல்லை மூன்று. அதற்குள் சிநேகா ஒரு விக்கலோடு கண் திறந்தாள், புரண்டாள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலே பிரெசில்லாவின் மேல் ஏறினாள். மல்லாந்து விழுந்த பிரெசில்லா நடுவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அந்தக் கையின் மேலேயே முதல் குத்து விழுந்தது. மைதானம் சிநேகாவின் பெயரைச் சொல்லிக் கூவியது. கூண்டுக்கு வெளியே சுஐபு, "மயங்கிட்டா! ரெஃபரி, மயங்கிட்டா!" என்று கம்பியைப் பிடித்துக் குலுக்கினார். மணி அடித்துவிட்டது.

மூன்றாவது ரவுண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரெசில்லாவின் கைகள் தோளுக்கு மேலே எழும்பவில்லை. அஞ்சு நிமிஷமும் தாக்குப்பிடித்து நின்றாள், அவ்வளவுதான். புள்ளிக் கணக்கில் சிநேகாவின் கையைத் தூக்கினார்கள். சுஐபு போய் முறையிட்டார். நடுவர் நிறுத்தாதவரைக்கும் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, விதி அது என்றார்கள். விதி அதுதான், பிரெசில்லாவுக்கும் தெரியும்.

அந்த மூன்று செகண்டு வீடியோ மறுநாளே ஊரெல்லாம் சுற்றியது. மெதுவாக ஓட்டி, நிறுத்தி, வட்டம் போட்டுக் காட்டினார்கள். தெய்வ மனசு என்றான் ஒருவன். லூசு என்றான் இன்னொருவன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தாள் என்றும் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ஜெட்டியில் ஒருத்தன் வாய்விட்டுச் சொல்ல, ஆன்டனி ராஜ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டு வந்தான். மீன்பிடித் தடைக்காலம் வேறு. கடலுக்குப் போக வழியில்லாமல் ஆம்பிளைகள் எல்லாம் கரையில் போனும் கையுமாகக் கிடந்தார்கள்.

"நீ எதுக்கு விட்ட?" என்று அவனும் ஒருநாள் கேட்டான்.

"முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"ரெஃபரி வந்து தொடுற வரைக்கும் விடக் கூடாதுன்னு எனக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவன் மஞ்சளும் உப்பும் குழைத்து அவள் முழங்கையில் பற்றுப் போட்டுவிட்டு வெளியே போனான்.

ஒரு வாரம் கழித்து ஹாஜா முகைதீன் காரில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர். வீடு தேடி வரும்போது கை வீசி வர மாட்டார். தொதல் அல்வா கொண்டுவந்திருந்தார். டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

"தங்கச்சி, ஆகஸ்டுல மறு ஆட்டம் வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ். ஒன் பேரும் அந்தப் புள்ள பேரும்தான் போஸ்டர்ல. வெளிமாநிலத்துக்காரன்லாம் இப்பவே கேக்குறான்."

"எனக்குப் பதிலா வேற யாரும் கெடைக்க மாட்டாங்களா பாய்?"

"என்னம்மா இப்பிடிச் சொல்ற? இது ஒனக்கு வந்த நேரம். ஒரு சின்ன வீடியோ மட்டும் எடுத்துக்குவோம். 'அவ மயங்கினது அவளுக்கே தெரியும், என் ஜெயத்தத் திருடிட்டா'ன்னு கண்ணு கலங்கிச் சொல்லணும். அந்தப் புள்ள பதிலுக்கு ஒன்னையத் திட்டி ஒண்ணு போடும். ரெண்டு மாசத்துல சூடு ஏறிரும்."

"எனக்கு அழுக வராது பாய்."

"கிளிசரின் இருக்கும்மா," என்றார் அவர், கேலி இல்லாமல்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். சுஐபும் போனில் கேட்டார். பள்ளிக்கூடத் தாளாளரும் கேட்டார். எல்லாருக்கும் அதே பதில்தான். யோசிக்கத்தான் முடியவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தின் பாதியில், உச்சி வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் தோளில் சிறு மூட்டையோடு தெருவுக்குள் வந்தார். "சண்ட போடுற டீச்சர் வீடு இங்கன எது?" என்று ரெண்டு வீட்டில் விசாரித்து, மூன்றாவதாக அவள் வாசலிலேயே வந்து கேட்டார்.

"நான்தான்யா. நீங்க?"

"எம் பேரு கூத்தையா. சிநேகாவோட அய்யா."

அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் மூட்டையை இறக்கினார். குண்டு மிளகாய் வற்றல், சொந்தக் காட்டில் விளைந்தது. தண்ணீர்ச் சொம்பை அண்ணாந்து குடித்து முடித்தார்.

"நான் ஆட்டத்தப் பாக்க வரல தாயி. எனக்குப் பாக்க முடியாது. பெறகு பக்கத்து வீட்டுப் பய போன்ல காமிச்சான். எல்லாரும் எதையெதையோ பாக்குறாக. நான் எம் மக கைய மட்டுந்தான் பாத்தேன். செத்தவ கை மாதிரி கெடந்துச்சு."

காலிச் சொம்பை வாங்கி வைத்தாள் பிரெசில்லா.

"அடுத்தாப்புலயும் நீதான் வரப்போறன்னு சொன்னாக. அதான் ஓடியாந்தேன். நீ மாட்டேன்னு சொல்லிராத. ஒனக்குன்னா எறக்கம் இருக்கு. நீ விட்டுருவ. வேற எவளும் விடுவாளா? நீயா இருந்தா நான் அனுப்புறேன். இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு தாயி."

அவர் இதைக் கும்பிட்டுக்கொண்டே சொன்னார். இந்த நாலு வாரத்தில் அவளைத் திட்டியவர்கள் யாரும் இந்த அளவுக்கு அவளைத் தவிக்க வைக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அய்யா, கையக் கீழ எறக்குங்க. நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. எறக்கப்பட்டெல்லாம் நான் விடல."

"பெறகு?"

"களைச்சுப் போச்சு. அவ உடம்பு தளந்ததும், அப்பாடா முடிஞ்சிருச்சுன்னு கை தானா விரிஞ்சிருச்சு. கொஞ்சம் தெம்பு இருந்திருந்தா பிடிச்சிக்கிட்டேதான் இருந்திருப்பேன். ரெஃபரி வந்து பிரிக்கிற வரைக்கும் பிடிக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. அடுத்த தடவ விடுவேன்னு என்னைய நம்பி அனுப்பாதீக."

கூத்தையா அவள் முகத்தையே பார்த்தார். ஏமாற்றமா, புரியவில்லையா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை.

"அவளும் தட்டியிருக்கணும்யா," என்றாள் அவள். "தட்டுனா ஒரு ஆட்டம் போகும். அவ்வளவுதான். மானம் போயிரும்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தா."

"நான் சொன்னா கேப்பாளா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. காதுக்குள்ளயே சொன்னேன். அவளுக்குக் கேக்கல."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஜூன் முதல் வாரம் ஹாஜா முகைதீன் ராமநாதபுரத்தில் ஒரு ஓட்டலில் நிருபர்களையும் வீடியோக்காரர்களையும் கூட்டியிருந்தார். பிரெசில்லா போகவில்லை, சிநேகா மட்டும் போயிருந்தாள். மறு ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சூடாகப் பேசத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைக் கையில் வாங்கியவள், "அன்னைக்கு நான் மயங்கிட்டேன். ரெண்டாவது ரவுண்டுலயே அந்தக்கா ஜெயிச்சிட்டாங்க. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு மைக்கை மேஜையில் வைத்தாள்.

அன்று மத்தியானமே ஹாஜா முகைதீன் கூப்பிட்டார். அவர் பதறிப்போயிருப்பார் என்று நினைத்துத்தான் பிரெசில்லா போனை எடுத்தாள்.

"மாஷா அல்லாஹ்! தங்கச்சி, பாத்தியா அந்தப் புள்ள பேசுனத? மொதல்ல நான் பயந்துதான் போனேன். ஆனா கிளிசரின் வச்சு எடுத்திருந்தாக்கூட இப்பிடிப் போயிருக்காது. எட்டு லட்சம் பேரு பாத்துட்டான். போஸ்டர மாத்தப்போறேன். ரெண்டு பேரும் கை குடுக்குற மாதிரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அதுவும் போஸ்டர் ஆகிவிட்டது.

"பாய், நான் வரல. நிறுத்திக்கிறேன்."

"இந்த ஒரு ஆட்டம் மட்டும்மா..."

"இல்ல பாய். ஆறு வருஷமா இந்த ஒரு ஆட்டம், இந்த ஒரு ஆட்டம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதற்கான தெம்பு அந்த நேரத்துக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு சுஐபுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அந்தப் பக்கம் ஜிம்மின் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நானே சொல்லணும்னு இருந்தேன் புள்ள," என்றார். "வாய் வரல."

ரெண்டு நாள் கழித்துச் சிநேகா போனில் அழைத்தாள்.

"அக்கா, எல்லாரும் கண்டபடி திட்டுறாங்கக்கா. கள்ளின்னு எழுதுறாங்க."

"ரெண்டு வாரம் திட்டுவாங்க. அப்பறம் வேற ஆள் கெடச்சிரும்."

"முழிச்சப்ப எனக்கு எந்த ஊருன்னே தெரியலக்கா. எங்க காட்டுல படுத்துக் கெடக்கேன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, எல்லாரும் எம் பேரச் சொல்லிக் கத்துறாங்க. அந்நேரம் நான் தோத்துட்டேன்னு எப்பிடிக்கா சொல்ல?"

"நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள் பிரெசில்லா. அது உண்மைதான்.

"நெசமாவே வரமாட்டீங்களா? எம் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல பிள்ள. என்னால ஏலல."

சிநேகாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. இருபத்தொரு வயதில் எப்படிப் புரியும்? ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம், அய்யா சம்மதித்துவிட்டாராம், மயக்கம் வந்ததற்குத் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பேசிக்கொண்டே போனாள். பிரெசில்லா கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. அவள் பெயருக்கு நேரே ஆறு ஜெயம், ஆறு தோல்வி என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது.

தடைக்காலம் முடிந்து, ஒரு சனிக்கிழமை காலையில் படகுகள் கடலுக்குக் கிளம்பின. பள்ளிக்கூடம் லீவு என்பதால் அவளும் ராமேஸ்வரம் ஜெட்டி வரைக்கும் போனாள். மீன்துறை ஆபீஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்த ஆன்டனி ராஜ் சாப்பாட்டுத் தூக்கை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"நெசமாத்தான் நிறுத்திட்டியா? அடுத்த மாசம் காக்கா வந்து கூப்புட்டா?"

"நெசமாத்தான்."

"அழுவியோன்னு நெனச்சேன்."

"அழுகலாம்னுதான் பாத்தேன். ஒறக்கம் வந்துருச்சு."

அவன் சிரித்துவிட்டுப் படகில் தாவினான். என்ஜின் சத்தம் ஒவ்வொன்றாகத் தொலைவுக்குப் போகும்வரை நின்றுவிட்டு அவள் பஸ் பிடித்தாள். வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்தி, பாயை விரித்துப் படுத்தாள். முழங்கை வலித்தது. இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தால் விலா வலித்தது. மல்லாந்துகொண்டாள். தலைமாட்டில் போன் அடித்தது. ஏதோ தெரியாத நம்பர். பேட்டி கேட்கிறவர்களாக இருக்கும். நின்று மறுபடியும் அடித்தது. அவள் அதைச் சத்தமில்லாமல் பண்ணிக் கவிழ்த்து வைத்தாள். கோழி ஒன்று வாசலில் எதையோ கிளறிக்கொண்டிருந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை.